எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி: பரிசோதனையும் துப்புரவும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அனுப்பம்பட்டு உள்ளது. அங்கிருந்து வடகிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை அடையலாம். அப்பகுதி மீனவர் சங்கம் ஒன்றின் கணக்கை ஆராய்ந்தபோது, பொதுப் படகின் எஞ்சின் எண்ணெய்ச் செலவு மாதந்தோறும் ஏறிவந்ததைக் கண்டேன். ஓட்டுநர் எண்ணெயை விற்கிறார் என்று சிலர் கூறினர். நானும் அவ்வாறே ஐயுற்றுக் குறிப்பு எழுதினேன். அவரோ, “ஐயா, என்மேல் எழுதுமுன் எஞ்சினின் அடியை ஒருமுறை பாருங்கள்” என்றார். அன்று நான் கற்ற பாடம், நீர் இறைக்கும் எஞ்சின் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் பயன்படும்.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் வார்ப்புத் தொட்டி வார்ப்பிரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கும். காந்தம் ஒட்டினால் இரும்பு எனக் கொள்க. அலுமினியம் இலகுவானது; ஆயினும் உப்புநீரில் எஃகுத் திருகாணியுடன் சேர்ந்திருக்குமிடத்தில் விரைவில் அரிக்கப்படும்.

முதலில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டில் எண்ணெயை வடித்திடுக. சூடான எண்ணெயுடன் கசடும் இறங்கும். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது இயல்பே. பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. டீசல் வாடையுடன் நீர்த்திருந்தால் எரிபொருள் கசிகிறது. காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்புத் தேய்மானம். ஒட்டாத பளபளப்பான துகள் பேரிங்கின் தேய்மானமாக இருக்கலாம். இவற்றுள் எது காணப்படினும், தொட்டியைக் கழுவுவதோடு நில்லாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

தொட்டியைக் கழற்றுமுன் எஞ்சினை உறுதியான மரக்கட்டைகளின்மேல் நிறுத்துக. சங்கிலியில் மட்டும் தொங்கும் எஞ்சினின் கீழ் எவரும் நுழையலாகாது. பழைய கேஸ்கட்டை மூங்கில் சிலாம்பால் சுரண்டுக. உளி பட்டால் அலுமினிய விளிம்பு கீறி, அவ்வழியே எண்ணெய் கசியும். மண்ணெண்ணெயால் கழுவுக; அருகில் பீடியும் விளக்கும் கூடா. நெசவாளர் சாயப் பட்டறையில் அறிந்த காஸ்டிக் சோடாவை அலுமினியத்தின்மேல் ஒருபோதும் ஊற்றற்க. அது உலோகத்தையே தின்றுவிடும். தறிக் கழிவு நூலாலும் துடைக்கற்க. உதிரும் பிசிர் எண்ணெய்ப் பம்பின் வலையை அடைத்துவிடும். பிசிறற்ற துணியே தக்கது. அவ்வலையையும் கழுவுக.

விரிசலைக் காணும் எளிய முறை ஒன்றுண்டு. உலர்ந்த தொட்டியின் வெளிப்புறம் வெண்சுண்ணக் கட்டியைத் தேய்த்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிச் சில மணி நேரம் வைத்திடுக. விரிசல் இருக்குமிடத்தில் ஈரக் கோடு தோன்றும். விளிம்பின்மேல் நேரான எஃகு அளவுகோலை வைத்து, வளைவு உண்டா எனவும் பார்க்க. வடிதிருகின் மரையையும் சோதிக்க.

பூட்டும்போது புதிய கேஸ்கட் இட்டு, திருகாணிகளை நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்குக. அளவுக்கு மேல் முறுக்கினால் அலுமினிய மரை அழியும். எண்ணெயை அளவுக்கோலின் குறிவரை நிரப்பி, எஞ்சினை மெதுவாக ஓட்டி, அழுத்தத்தையும் கசிவையும் கவனிக்க. வடித்த பழைய எண்ணெயை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, உரிய அனுமதி பெற்றவரிடமே அதனைச் சேர்ப்பிக்க வேண்டும்.

அந்தப் படகின் தொட்டியில், வடிதிருகின் அருகே மயிரிழை போன்ற ஈரக் கோடு தெரிந்தது. அலுமினியப் பற்றவைப்பில் தேர்ந்தவர் அதனைச் சரிசெய்தபின், எண்ணெய்ச் செலவு பழைய அளவுக்கு இறங்கியது. எழுதிய குறிப்பை அடித்துத் திருத்தி, சங்கத்தார் முன்னிலையில் ஓட்டுநரிடம் என் வருத்தத்தைத் தெரிவித்தேன்.

ஒவ்வொரு சங்கமும் எண்ணெய் ஊற்றிய தேதியையும் அளவையும் ஏட்டில் பதிவு செய்தல் அவசியம். செலவு ஏறினால் முதலில் இயந்திரத்தை ஆராய்க. மனிதரை ஐயுறுவது அதன் பின்னரே ஆகட்டும்.