தேனீ ரோபோவும் அழிக்காமல் விட்ட கட்டளைகளும்

எங்கள் நான்காம் வகுப்பில் 28 பிள்ளைகள், ரோபோ ஒன்றுதான். 'பீ-பாட்' எனப்படும் தேனீ வடிவத் தரை ரோபோ. முதுகில் முன், பின், இடம், வலம் என நான்கு அம்புக்குறிப் பொத்தான்கள். கட்டளைகளை வரிசையாக அழுத்திவிட்டு, நடுவிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால் புறப்படும். 'முன்' என்றால் 15 செ.மீ. நகரும். 'வலம்' என்றால் நகராது; நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும்.

இந்தக் கடைசிச் செய்தியே முதல் வாரத்தை எடுத்துக்கொண்டது. தரையில் சாக்பீஸால் 15 செ.மீ. கட்டங்கள் வரைந்து, ஒன்றில் 'நூலகம்' என எழுதினேன். வலப்பக்கக் கட்டத்துக்குப் போக 'வலம்' மட்டும் அழுத்திவிட்டு, "கெட்டுப்போச்சு டீச்சர்" என்றார்கள். எவ்வளவு விளக்கியும் பயனில்லை. ஒரு மாணவனையே ரோபோவாக நிறுத்தி, கட்டளை அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான் பிடிபட்டது. 1967இல் பிறந்த லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், குழந்தை தன் உடலால் நடந்து பார்த்தே ஆமையின் பாதையைக் கண்டறியலாம் என்றார். ரோபோ இல்லாத பள்ளியிலும் இந்த விளையாட்டு நடக்கும்.

இரண்டாம் வாரம் ஒரு குழு முன், இடம், முன் என அழுத்தியது. ரோபோவோ அவர்கள் சொல்லாத பாதையில் ஓடியது. அழிக்கும் பொத்தானை நோக்கி என் கை போனது. உண்மையில், ஒவ்வொரு குழுவுக்கும் முன்பு நானே அதை அழுத்திவிடுவேன், அன்று மறந்துவிட்டேன்.

"இருங்க டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. வாசிப்பில் தடுமாறுபவள் என்பதால் அவளை அட்டை பிடிக்க மட்டும் வைத்திருந்தேன். முந்தைய குழுவின் முன், முன், வலம், முன் அட்டைகளை அடுக்கி, அவற்றின் பின்னால் தன் குழுவின் மூன்றையும் வைத்தாள். ஏழு கட்டளைகளையும் கட்டங்களில் தானே நடந்தாள். ரோபோ நின்ற அதே கட்டத்தில் நின்றாள். "அவங்க அழுத்தினதும் உள்ளேயே இருக்கு டீச்சர்."

இயந்திரத்துக்கு நினைவகம் உண்டு என்பதை அதுவரை நான்தான் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வந்திருக்கிறேன். இப்போது நான் எதையும் அழிப்பதில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தும் முன், எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று ஒவ்வொரு குழுவும் எழுதவேண்டும். தவறினால் அட்டைகளை அடுக்கி, எந்தக் கட்டளையில் பிசகியது எனக் காட்டவேண்டும். ஒரு பாடவேளையில் மூன்று குழுக்களுக்கு மேல் முடிவதில்லை, பரவாயில்லை.

அந்த மாணவியைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளத்தான் இப்போது வகுப்பில் சண்டை.