பிரிந்த இரு படிகள்

நுழையும்முன்
திறன்பேசியில் நாம் எழுதி அனுப்பும் ஒரு வரி ஓரிடத்தில் மட்டும் சேமிக்கப்படுவதில்லை. தொலைவிலுள்ள வேறோர் ஊரிலும் அதன் படி உருவாகிறது. தீயோ வெள்ளமோ ஓரிடத்தை அழித்தாலும் மற்றோரிடம் அதைக் காக்கும். ஆனால், அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நின்றுவிட்டால் எதை நம்புவது?

மூலமும் படியும்
தரவு மையங்களுள் ஒன்று முதன்மையானது. புதிய செய்திகளை அதுவே ஏற்கும். ஏற்ற ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை மாறாமல் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும். தொலைவிலுள்ள துணை மையம் அப்பதிவேட்டைப் பெற்று, அதே வரிசையில் தன்னிடமும் அம்மாற்றங்களைச் செய்துகொள்ளும். இதுவே நகலாக்கம்.

நகலாக்கம் நின்றுபோகப் பல காரணங்கள் உண்டு. இணைப்பு அறுந்திருக்கலாம், துணை மையம் பணிச்சுமையால் பின்தங்கியிருக்கலாம். இவ்விரண்டும் பெரும்பாலும் காலத்தால் சரியாகும். துணை மையம் பெறுமுன்பே பழைய பதிவுகளை முதன்மை மையம் நீக்கிவிட்டால், முழுத் தரவையும் புதிதாகப் படியெடுக்க வேண்டும். இவை யாவற்றினும் கடுமையானது மற்றொன்று: இரு மையங்களும் தனித்தனியே புதிய செய்திகளை ஏற்றுவிடுவது. ஒரே சுவடியின் இரு படிகளில் பாடவேறுபாடு நேர்ந்தாற்போன்ற நிலை அது. ஆதலால், பழுது நீக்க வருவோர் முதலில் காண வேண்டியது, 'எந்தப் பதிவு வரை இரண்டும் ஒன்றாயிருந்தன?' என்பதே. அதை அறியாமல் இணைப்பை மட்டும் மீட்பது பழுதைப் பெருக்கிவிடும்.

அமெரிக்காவின் இரு கரைகள்
உலகெங்கும் உள்ள மென்பொருளாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் கிட்ஹப். 2018 அக்டோபர் 21 அன்று, உலகப் பொது நேரப்படி இரவு 10.52 மணிக்கு, பழுதுற்ற ஒளியிழைக் கருவியொன்றை மாற்றும் வழக்கமான பணி நடந்தது. அப்போது அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்த அதன் முதன்மைத் தரவு மையம் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. 43 நொடிகளில் இணைப்பு மீண்டது. ஆயினும், சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடங்கள் ஆயின.

அந்த 43 நொடிகளில் நிகழ்ந்தது என்ன? முதன்மை மையம் மறைந்ததென்று கருதிய தானியங்கி மேலாண்மை மென்பொருள், மேற்குக் கரை மையத்தை முதன்மையாக உயர்த்தியது. மென்பொருள் தவறு செய்யவில்லை, கட்டளையிட்டபடியே செய்தது. ஆனால், துண்டிப்புக்குச் சற்று முன்னர்க் கிழக்கு ஏற்ற சில நொடிப் பதிவுகள் மேற்கைச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கோ ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் புதிய பதிவுகளை ஏற்றுவிட்டது. கிழக்கில் உள்ளது மேற்கில் இல்லை. மேற்கில் உள்ளது கிழக்கில் இல்லை.

விரைவா, உண்மையா?
பொறியாளர்கள் முன் இரு வழிகள் இருந்தன. மேற்கின் நாற்பது நிமிடப் பதிவுகளைக் கைவிட்டால், சேவையை விரைந்து மீட்கலாம். அவற்றைக் காப்பதாயின் பல மணி நேரம் தாமதமாகும். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். உலகோர் வசைபாடும் வேளையில் பொறுமையைத் தேர்வதற்குத் துணிவு வேண்டும். சேவையின் சில பகுதிகளைத் தாமே நிறுத்திவைத்தனர்.

பின்னர், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கப்பட்டு வந்த காப்புப் படிகளிலிருந்து கிழக்கு மையத்தை மீட்டனர். அதன்மேல் மேற்கின் பதிவுகளை நகலாக்கினர். பல டெராபைட் அளவிலான காப்புத் தரவு தொலைவில் இருந்தமையால், அதைக் கொண்டுவரவே மணிக்கணக்கில் ஆனது. காப்புப் படியிலிருந்து மீட்கும் முறையை நாள்தோறும் சோதித்து வந்தவர்கள்தாம். எனினும், ஒரு தொகுதி முழுவதையும் இவ்வாறு மீட்டெழுப்பும் தேவை அதுவரை நேர்ந்ததில்லை.

முதன்மை மையம் கிழக்கில் மீண்டும் அமைந்த பின்னரும் தொல்லை ஓயவில்லை. படிப்பதற்கென வைத்திருந்த துணை வழங்கிகள் பல, மணிக்கணக்கில் பின்தங்கியிருந்தன. பயனர் காண்பது எந்த வழங்கியின் தரவு என்பதைப் பொறுத்து, பக்கம் புதியதாகவோ பழையதாகவோ தோன்றியது. பின்னடைவு சீரான வேகத்தில் குறையும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொழுது விடிந்து பணி தொடங்கவே, புதிய பதிவுகள் பெருகின. துரத்தும் வழங்கிக்கு முன்னால் இலக்கு மேலும் மேலும் நகர்ந்தது. கூடுதல் வழங்கிகளை அமைத்துப் படிக்கும் சுமையைப் பகிர்ந்தளித்த பின்னரே இடைவெளி மூடிற்று.

எஞ்சியவை, கிழக்கில் தனித்து நின்ற அந்தச் சில நொடிப் பதிவுகள். மிகுந்த சுமையுடைய தொகுதிகளுள் ஒன்றில் மட்டும் அவை 954. தாமாகவே இணைக்கத்தக்கவை எவை, பயனரிடம் கேட்டறிய வேண்டியவை எவை என்று அவற்றை ஆராயத் தொடங்கினர். அவற்றுள் ஒரு பகுதியை, தம் பதிவு சேரவில்லை என்று கண்ட பயனர்களே மீண்டும் எழுதிச் சேர்த்திருந்தனர்.