இரைப்பைச் சத்திரசிகிச்சையின் பின் விற்றமின்களும் மருந்துகளும்

எமது கல்லூரியில் விஞ்ஞானம் கற்றவருள் மனிதனின் உணவுக் கால்வாய்ப் படத்தை வரையாது தப்பியவர் எவருமிலர். வாய், களம், இரைப்பை, முன்சிறுகுடல், அதன்பின் சுருள்சுருளாய்ச் சிறுகுடல் எனப் பென்சிலால் வரைந்து, பெயர் குறித்து, பத்துக்கு ஏழு புள்ளி பெற்று, அன்றோடு மறந்தும் விட்டோம். அப்படத்தை மீண்டும் நினைக்க நேர்ந்தது, கொம்பனித்தெருவில் வாழும் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் நோய்ப்படுக்கை அருகே நின்றபோதுதான்.

தோழர் உடல் மிகப் பருத்தவர். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உடையவர். உணவுக் கட்டுப்பாடும் நடையும் மருந்தும் பல்லாண்டு முயன்று பயன் சிறிதே கண்டபின், வைத்தியர் கூறியவாறு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். வாயைக் கட்ட மாட்டாதவன் வயிற்றை வெட்டினான் என நண்பர் சிலர் ஏளனஞ் செய்தனர். அவ்வேளனத்தில் எமக்கு உடன்பாடில்லை. மிகு பருமன் மனவுறுதியின் குறைவால் மட்டும் வருவதன்று. பசியையும் நிறைவையும் ஆளும் ஓமோன்களோடு பிணைந்த நோய் என்பது இன்று தெளிவு. அன்றியும், ஏளனத்துக்கு அஞ்சியே பலர் தாம் இச்சிகிச்சை பெற்றதை மறைக்கின்றனர். அம்மறைப்பு உயிருக்கே இடராகலாம்.

சிகிச்சை செவ்வனே முடிந்தது. ஆறாம் வாரத்தில் தோழருக்கு வாந்தி தொடங்கிற்று. சிறுத்த இரைப்பைக்கு இஃது இயல்பே என எண்ணி, வைத்தியரிடஞ் செல்லாது வீட்டிலிருந்தார். குளிசைகள் குமட்டலைக் கூட்டுகின்றன என்று அவற்றையும் நிறுத்தினார். இரு வாரங்கள் பச்சையரிசிக் கஞ்சித் தெளிவும் குளுக்கோசு நீருமே உணவாயின. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கியூ வீதியிலுள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலுக்குப் புறப்பட்டு வாயிற்படியில் இறங்கியவரின் கால்கள் தள்ளாடின. எதிரேயிருந்த விளக்குக் கம்பம் இரண்டாய்த் தோன்றிற்று. பேச்சும் குழறிற்று. பாரிசவாதமென்றே வீட்டார் அஞ்சினர்.

வைத்தியசாலையை அடைந்ததும் அவர் மனைவியார் முதன்முதற் கூறியது, "இவருக்கு இரைப்பைச் சத்திரசிகிச்சை நடந்து இரண்டு மாதம், இரண்டு கிழமையாக வாந்தி" என்பதே. அவ்வொரு வாக்கியத்தால், குளுக்கோசு ஏற்றுமுன் தயமீன் எனப்படும் விற்றமின் பி1 ஊசிவழிச் செலுத்தப்பட்டது. இரு நாளிற் பார்வை நேராயிற்று. கால்கள் உறுதிபெற மூன்று மாதஞ் சென்றன. அந்நாட்களின் நினைவு மட்டும் அவருக்கு இன்றுவரை மீளவில்லை.

இந்நோய் எமக்குப் புதியதன்று. 1881 ஆம் ஆண்டில் கார்ள் வேர்னிக்கே என்னும் சேர்மானிய வைத்தியர் விவரித்த இம்மூளைநோயும், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரியும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள். பெரிபெரி என்னும் பெயரோ எமது தீவிலிருந்தே உலகெங்கும் சென்றது என்பர்; இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல் இரட்டித்து வந்தது அது என்பது அகராதிகாரர் பலரின் கொள்கை. 1890களில் யாவாத் தீவில் ஒல்லாந்து வைத்தியரான கிறிஸ்தியான் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியால் அவை எழுவதையும் கண்டார். அதற்காக 1929 இல் நோபெற் பரிசில் ஒரு பங்கைப் பெற்றார். எம் பாட்டிமார் நெல்லை அவித்து உலர்த்திக் குற்றிய புழுங்கலரிசியில், அவிக்கும்போதே தவிட்டிலுள்ள தயமீனின் ஒரு பகுதி மணியினுட் சென்று தங்கிவிடும். நோயாளிக்கு இலகுவானது என்று நாம் கொடுக்கும் வெள்ளைப் பச்சையரிசிக் கஞ்சியில் அது மிகக் குறைவு. உடலிலுள்ள தயமீன் இருப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராமே. உணவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். குளுக்கோசை எரிப்பதற்கும் தயமீன் வேண்டும். ஆதலின் வெறுங் குளுக்கோசு எஞ்சியதையும் செலவழித்துவிடுகின்றது. தோழர் வீட்டிற் பருகியது அந்நீரையே.

இனிப் பழைய படத்துக்கு மீள்வோம். இன்று கொழும்பில் அரச வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் நடைபெறும் இச்சிகிச்சைகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்றில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாய் எஞ்சும். எம் தோழருக்குச் செய்யப்பட்டது இதுவே. மற்றது மாற்றுவழிச் சிகிச்சை. 1966 இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வேட் மேசன் தொடக்கிய இம்முறையில், முட்டையளவினதான சிறு பை மட்டும் இரைப்பையாய் நிற்க, அது சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கப்படும். முன்சிறுகுடல் வழியே உணவு செல்வதேயில்லை. படத்தில் நாம் இட்ட கோடொன்றை அழித்து வேறிடத்தில் வரைந்தாற்போலாம். கோடு மாறினால், அக்கோட்டின் வழி உறிஞ்சப்பட்டவையும் மாறுமன்றோ? ஆகையால் இச்சிகிச்சை சத்திரகூடத்திற் பாதியே முடிகின்றது. மறுபாதியைக் குளிசைகளாலும் குருதிப் பரிசோதனையாலும் வாழ்நாள் முழுவதும் நோயாளியே நடத்தவேண்டும்.

எம்மவருட் சைவ உணவினருக்கு மிகுந்த கவனம் வேண்டுவது விற்றமின் பி12. தாவர உணவில் அஃது இயல்பாய் இல்லை. பாலும் தயிருமே சைவரின் துணை. அன்றியும் அதனை உறிஞ்சுவதற்கு இரைப்பைச் சுவரிற் சுரக்கும் புரதமொன்று தேவை. பொசுத்தனில் வில்லியம் காசில் என்பார் தாம் இறைச்சியை உண்டு, தம் இரைப்பையிலிருந்து அதை வெளியெடுத்து, சோகை நோயாளருக்குக் குழாய்வழி ஊட்டி அவர் நலமுறக் கண்டு, 1929 இல் இவ்வுண்மையை வெளியிட்டார். கேட்கவே குமட்டும் பரிசோதனை. எனினும் அதனாற் பிழைத்தோர் எண்ணிலர். இரைப்பை சுருங்கினால் அப்புரதம் குறையும். ஈரலில் உள்ள பி12 இருப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமானது, இதுவே ஏமாற்று. முதலாண்டில் குளிசையை விட்டவர் ஒன்றும் நேரவில்லையே என்று மகிழ்வார். மூன்றாம் நான்காம் ஆண்டில் பாதங்கள் விறைக்கும், நினைவு மங்கும், அதை முதுமையென்று கொள்வர். நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்கிரோகிராமாக இருக்க, 350 முதல் 1000 வரை கொடுப்பது ஏனெனில், அப்புரதமின்றித் தானே கசிந்து உட்செல்வது நூற்றிலொரு பங்கே. ஊசியாயின் மாதமொன்றுக்கு 1000 மைக்கிரோகிராம்.

கல்சியத்தின் கணக்கு வேறு வகையது. சத்திரசிகிச்சை பெற்றோருக்கு நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை வேண்டும் என்பது 2016 இல் அமெரிக்கச் சங்கத்தார் வெளியிட்ட நெறிமுறை. இவ்வெண் கல்சியத்தின் எடையே, குளிசையின் எடையன்று. கர்ப்பிணிகளுக்கு நம் கிளினிக்குகளிற் கொடுக்கப்படும் 300 மில்லிகிராம் கல்சியம் இலத்தேற்றுக் குளிசையில் உள்ள கல்சியம் ஏறக்குறைய 39 மில்லிகிராமே. அதனை மட்டும் நம்புவார் நாளொன்றுக்கு முப்பது விழுங்கவேண்டும்! காபனேற்றில் நூற்றுக்கு நாற்பது பங்கு கல்சியமுண்டு. ஆனால் அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும். சித்திரேற்றில் இருபத்தொரு பங்கேயாயினும் அமிலமின்றியும் கரையும். ஆதலின் இவர்களுக்குச் சித்திரேற்றே உகந்தது. ஒரே வேளையில் 500 அல்லது 600 மில்லிகிராமுக்கு மேல் உடல் ஏற்காது. மூன்றாகப் பகிர்ந்தே உண்ணவேண்டும். விற்றமின் டி துணையின்றி அதுவும் வீண். கொழும்பின் வெயிலை நம்பி அதனை விட்டுவிடலாகாது. நாளொன்றுக்கு 3000 அலகு என்பது தொடக்க அளவு. இன்னொன்று கருதத்தக்கது: கல்சியங் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து அதனை எடுத்துக் குருதியை நிறைவாய் வைத்திருக்கும். எனவே குருதியிற் கல்சியம் சரியாயிருப்பது எலும்பு நலமாயிருப்பதற்குச் சான்றாகாது. பரா தைரொயிட்டு ஓமோனையும் விற்றமின் டியையும் உடன் அளந்தாலன்றி உண்மை தெரியாது.

இரும்பும் கல்சியமும் ஒரே நேரத்தில் உட்சென்றால் ஒன்றையொன்று தடுக்கும். இடையே இரு மணி நேரமாவது விடவேண்டும். இரும்புக்குத் தேசிக்காய்ச் சாறு நல்ல துணை. தேநீரோ பகை. தேயிலையால் வாழும் நாட்டில் இதனை எழுதுவது எமக்கே ஒருவகைக் கூச்சந்தான். எனினும் தேயிலையின் துவர்ப்பிலுள்ள பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு வெளியேறும் என்பது மெய். உண்டவுடன் ஒரு பிளேன்ரீ என்னும் வழக்கத்தை ஒரு மணிக்குப் பின் தள்ளினாற் போதும், விடவேண்டியதில்லை. மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவருக்கும் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு நாடோறும் வேண்டும். மிட்டாய் போன்று சுவைக்கும் விற்றமின்களை நம்பலாகாது; அவற்றுட் பல இரும்பே இல்லாதவை.

விற்றமினை விடாது உண்போரும் பழைய மருந்துகளை முன்போலவே உண்ணுதல் கேடாய் முடியலாம். நீரிழிவுடையார்க்குச் சத்திரசிகிச்சையின் பின் சில நாட்களிலேயே குருதிச் சர்க்கரை இறங்கக்கூடும். முன்னை அளவிலேயே இன்சுலினோ கிளிபென்கிளமைட்டோ தொடர்ந்தால் மயங்கி வீழ்வர். குருதியமுக்க மருந்துக்கும் சிறுநீர் பெருக்கும் குளிசைக்கும் இதுவே விதி. மெல்லக் கரைந்து நெடுநேரம் வேலை செய்யுமாறு ஆக்கப்பட்ட குளிசைகள், குறுகிய வழியில் முற்றக் கரையுமுன் கடந்துபோகலாம். உடனே கரையும் வகையைக் கேட்டுப் பெறவேண்டும். தைரொயிட்டுக் குளிசை உண்பவர் அதற்கும் கல்சியம், இரும்பு ஆகியவற்றுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுக. மாற்றுவழிச் சிகிச்சை பெற்ற பெண்கள் வாய்வழிக் கருத்தடைக் குளிசையை மட்டும் நம்புதல் நன்றன்று. முதற் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் கருத்தரித்தலைத் தள்ளிவைக்கவே வைத்தியர் கூறுவர்.

இவற்றுள் எமக்கு மிக அச்சந் தருவது முழங்கால் நோ. எடை குறைந்து நடக்கத் தொடங்கியவருக்கு மூட்டு வலித்தால், தெருமுனைப் பாமசியில் டைக்குளோபினாக்கு அல்லது ஐபூபுரோபன் வாங்கி விழுங்குவது எம்மூரில் வெகு எளிது. மாற்றுவழிச் சிகிச்சையின் பின், புதிய பொருத்துவாயில் அது புண்ணை உண்டாக்கும். புண் குருதி கசியும், சிலவேளை துளையே விழும். வலிக்குப் பரசிற்றமோல், அளவறிந்து. பாமசியிலும் பல் வைத்தியரிடத்தும் "இரைப்பைச் சத்திரசிகிச்சை பெற்றவன்" என்று கூறுதற்கு நாணலாகாது.

வாழ்நாள் முழுவதும் மருந்தென்றால், அது கிடைக்குமா என்னுங் கேள்வி எழும். 2022 இல் நாட்டில் அந்நியச் செலாவணி அற்றுப் போனபோது அன்றாட மருந்துகளும் அரிதாயினமையை நாம் கண்டோம். வழக்கமான வணிகப்பெயர் கடையில் இல்லாதபோது, மருந்தின் பொதுப்பெயரும் அதிலுள்ள அளவும் அறிந்தவரே மாற்று ஒன்றைத் தேடிக்கொண்டனர். மருந்தைப் பொதுப்பெயராலே வழங்கவேண்டும் என்று போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் றலைவர் அவரே. அதன் ஒசுசலக் கடைகள் இன்றும் உள. பெட்டியின் வண்ணத்தைக் காட்டி மருந்து கேட்கும் பழக்கமுடையோர், பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வாராக. ஒரு மாத இருப்பு கையில் வைத்திருத்தலும் நன்று. இங்கு யாம் தந்த அளவுகள் பொதுவானவை. அவரவர்க்குரியதை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் பின்னர் ஆண்டுதோறும் எடுக்கும் குருதிப் பரிசோதனையே தீர்மானிக்கும்.

சென்ற மாதம் தோழரைக் காணச் சென்றோம். புறத்தே வானளாவிய மாடங்கள் எழுந்து பேரை ஏரியைப் பாதி மறைத்துவிட்டன. அகத்தே அவர் மேசைமீது ஏழு அறைகள் கொண்ட குளிசைப் பெட்டி இருந்தது. காலையிற் பலவகை விற்றமினும் தேசிக்காய்ச் சாற்றோடு இரும்பும். பத்து மணிக்குத் தேநீர். நண்பகலிலும் மாலையிலும் உறங்குமுன்னும் கல்சியம். சட்டைப் பையில் சிறு அட்டையொன்று: சிகிச்சையின் பெயர், திகதி, உண்ணலாகாத வலிக்குளிசைகள், "வாந்தி இரண்டு நாள் நீடித்தால் முதலில் தயமீன்" என்னும் வரி, யாவும் மும்மொழியிலும். தமிழ்ப் பகுதி அவர் கையெழுத்து; சிங்களத்தை எழுதிக் கொடுத்தவர் அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர். அடுத்த குருதிப் பரிசோதனையின் திகதியைச் சுவர் நாட்காட்டியிற் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். அது தைப்பூசத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை.