கராத்தேயில் கைபடத் தயங்குதல்

தமிழில் ஊறு என்பது இருபொருள் தரும் ஒரு சொல். ஐம்புலவுணர்வுகளுள் ஒன்றாகிய தொடுவுணர்வும் ஊறு எனப்படும். உடலுக்கு நேரும் தீங்கும் ஊறு எனப்படும். இவ்விரண்டனையும் வேறுபிரித்து அறியாமையே கராத்தே பயில்வார் பலர்க்கு உண்டாகும் ஒரு தயக்கத்திற்கு வேர் என்று கருதுகின்றோம். தனித்துப் பயிலுங்கால் விரைந்தும் செவ்விதாகவும் செல்லும் அவர் கை, எதிரே ஒருவன் வந்து நின்ற மாத்திரத்தில் ஒரு சாண் தொலைவிலேயே நின்றுவிடுகின்றது. அத்தயக்கத்தின் காரணம் யாது, அதனால் விளையும் கேடு யாது, அதனை நீக்கும் நெறி யாது என்பவற்றை ஈண்டு முறையே ஆராய்வாம்.

கராத்தே ஒக்கினாவாத் தீவில் வளர்ந்த வெறுங்கைக் கலை. அத்தீவிற் பிறந்த பள்ளியாசிரியராகிய ஃபுனாகோஷி கிச்சின் (1868–1957) என்பார் 1922-ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் இக்கலையைச் செய்துகாட்டிப் பின்னர் அங்கேயே தங்கிக் கற்பித்தார். கத்தா எனப்படும் தனிநிலைப் பயிற்சியையே அவர் தலையாயதாகக் கொண்டார். இருவர் தம்முள் வரையறையின்றிப் பொருதுதலை அவர் விரும்பினாரல்லர். ஆயினும் பல்கலைக்கழகங்களிற் பயின்ற இளைஞரின் ஆர்வத்தால், எதிர்நின்று பயிலும் குமித்தே நாளடைவில் வளர்ந்தது. உடன்பயில்வோனைச் சிதைக்காது காத்தற்பொருட்டு, குறியை அடையுமிடத்து அடியை நிறுத்தும் முறையும் அதனோடு நிலைபெற்றது. இதனைச் சுந்தோமே என்பர். சுன் என்பது ஜப்பானியர் வழங்கிய ஒரு நீட்டலளவை. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கொண்டது. தோமே என்பது நிறுத்துதல். ஆகவே அம்முறை வேண்டுவது ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளி. தயங்குவோன் விடுவதோ ஒரு சாண். இவ்வேறுபாட்டை மாணவர் உள்ளத்திற் பதித்தல் வேண்டும். அங்குலத்தில் நிறுத்துதல் ஆற்றல். சாணில் நின்றுவிடுதல் அச்சம்.

இத்தயக்கத்திற்குக் காரணம் மூன்று. முதலாவது, பிறர்க்குத் தீங்கு செய்தற்கு அஞ்சும் நல்லியல்பு. அடித்தல் தவறு என்று இளமை தொட்டு இல்லத்திலும் பள்ளியிலும் கற்றவன், பயிற்சிக்கூடத்துட் புகுந்தவுடன் அதனை மறத்தல் இயலாது, மறக்கவும் வேண்டா. இரண்டாவது, மறுஅடிக்கு அஞ்சுதல். நாம் தொட்டால் அவனும் தொடுவான், நாம் விரைந்தால் அவனும் விரைவான் என்னும் எண்ணம் கையைப் பின்னிழுக்கின்றது. இவ்வச்சத்திற்கு இரக்கம் என்று பெயரிட்டுக்கொள்வாரும் உளர். மூன்றாவது, பழக்கம். பன்னாள் காற்றையே குத்திய கை, வெறுவெளியில் நிற்றலையே தன் இயல்பாகக் கொள்கின்றது. நெஞ்சு துணிந்தபோதும் அது துணிவதில்லை. குத்தும்பொழுது கண்ணை மூடுதல், மூச்சை அடக்குதல், முகத்தை விடுத்துக் காதின் பக்கமாகக் குறிவைத்தல், உடலைப் பின்சாய்த்துக் கையை மாத்திரம் நீட்டுதல் ஆகியன இத்தயக்கத்தின் அடையாளங்கள்.

தொடாமையால் யார்க்கு என்ன கேடு என்று வினவலாம். முதற்கேடு உடன்பயில்வோனுக்கே. தடுக்காவிடினும் தன்மேற் படாத அடியைத் தடுப்பவன் எதனைக் கற்கின்றான்? தன் தடுப்புப் பயன்பட்டது என்று நம்புகின்றான், அந்நம்பிக்கை பொய். உண்மையாகவே தீங்கு செய்யக் கருதிய ஒருவன் அவனெதிரில் நிற்கும் நாளில்தான் அப்பொய் வெளிப்படும். அன்று உடன்பயின்ற நண்பன் அருகிலிரான். இரண்டாவது கேடு, தயங்குவோனே ஊறு விளைப்பவனாதல். இடையில் மனம் மாறிய கை எங்குச் செல்லும் என்பதை அதற்குரியவனும் அறியான். கண்மூடிக் குத்துவோன் முன்னே எதிராளி ஓரடி முன்வந்தால், சாணில் நிற்கவேண்டிய முட்டி அவன் மூக்கிற் படும். ஆதலின் தயக்கம் காப்பாகாது.

மாணவியரோடு பயிலும் மாணவர் சிலர், அவர்மேற் கைபடாதிருத்தலே மரியாதை எனக் கொள்கின்றனர். அவர் எண்ணம் நல்லதே, விளைவோ நல்லதன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் கல்வியை நாடி வந்த ஒருத்திக்கு, உண்மையான தாக்கு எத்துணை விரைவில் வரும் என்பதைக் காட்டாது விடுதல் அவளுக்குரிய கல்வியைக் கவர்வதேயாகும். அவள் இசைவறிந்து, அவள் குறிக்கும் அளவிற் குறியைச் சென்றடையும் அடியே அவளுக்கு நாம் செய்யும் மரியாதை.

இனி, தயக்கத்தை நீக்கும் நெறியைக் கூறுவாம். சினத்தை மூட்டி இதனை வெல்ல முயல்வார் உளர். அது நோயினுங் கொடிய மருந்து. சினத்தால் நீண்ட கைக்கு அளவு தெரியாது. வேண்டுவது படிப்படியாகத் தொட்டுப் பழகுதலே.

முதற்படி, அசையாது நிற்கும் துணைவனின் வயிற்றிற் கட்டிய கச்சைக்குச் சற்று மேலே, மிக மெல்லக் குத்தி முட்டியை அவன் ஆடைமேற் படியவைத்தல். துணைவன் மூச்சை வெளிவிட்டு வயிற்றை இறுக்கிக்கொள்க. "இன்னும் சிறிது" என்றோ, "இவ்வளவே போதும்" என்றோ அவன் கூற, குத்துவோன் அவ்வளவைக் கையில் ஏற்றுக்கொள்க. அளவைக் குறிப்பவன் வாங்குவோனே, கொடுப்போன் அல்லன். பின்னர் இருவரும் நிலைமாறுக. மெல்லிய அடிகளைப் பன்முறை வாங்கிய உடல், தொடுதல் வேறு, துன்பம் வேறு என்பதைத் தானே உணரும். மறுஅடிக்கு அஞ்சும் அச்சமும் இதனால் தேயும்.

இரண்டாம் படி, முழுவலியையும் உயிரற்ற பொருளின்மேற் செலுத்துதல். வைக்கோற்புரி சுற்றிய மக்கிவரா என்னும் குத்துப்பலகையும், கையிற் பிடிக்கும் மெத்தைகளும் இதற்கென்றே அமைந்தன. தன் வலி எவ்வளவு என்று அறியாதவன் அதனைக் குறைப்பது எங்ஙனம்?

மூன்றாம் படி, கோஹோன் குமித்தே எனப்படும் ஐயடிப் பயிற்சி. தாக்குவோன் குறியை முன்னரே வாய்விட்டுக் கூறி, ஐந்துமுறை முன்னேறித் தாக்குவான். மற்றவன் ஐந்துமுறை பின்வாங்கித் தடுத்து, இறுதியில் மறுதாக்குச் செய்வான். ஈண்டுத் தாக்குவோனுக்குரிய கடமை ஒன்றே: தடுக்காவிடின் தன் முட்டி குறியைச் சென்றடையுமாறு அடி எடுத்துவைத்தல். தொலைவை அளப்பது காலேயன்றிக் கையன்று. முழங்கையை மடக்கி அடியைக் குறுக்குவோன் குறுகிய குத்தையே கற்கின்றான். கை முழுதும் நீளுமிடத்து எதிராளியின் தோல் இருக்குமாறு கால்வைப்போன், முழுக்குத்தையும் அடக்கத்தையும் ஒருங்கே கற்கின்றான். தோளும் கையும் தளர்ந்திருத்தலும் இன்றியமையாதது. இறுகிய கை விரைவதுமில்லை, வேண்டுமிடத்து நிற்பதுமில்லை.

இவற்றின் பின்னரே ஓரடிப் பயிற்சியும், அதன்பின் வரையறையற்ற குமித்தேயும் வரவேண்டும். அதனையும் முதலிற் பாதி விரைவில், மார்பும் வயிறும் மாத்திரமே குறியாகக் கொண்டு தொடங்குக. முகம் இறுதியிற் சேரட்டும். கையுறையும் பற்காப்பும் அணிந்தே சேரட்டும்.

இவ்வளவு காத்தும் சிற்சில வேளைகளில் அடி தவறிப் படுதல் உண்டு. உதட்டிற் குருதி கண்டவுடன் அடித்தவன் உள்ளம் ஒடுங்கிப்போதல் இயல்பே. உடனே நிறுத்தி, வணங்கி, நலம் உசாவுக. காயம் சிறிதாயின், துணைவனும் இசைந்தால், மெல்லிய விரைவில் இன்னும் சிலமுறை பயின்றபின் கலைக. அச்சத்தோடு இல்லம் சென்றால் அது மறுநாட்குள் வேரூன்றும். ஆனால் தலையில் அடிபட்டவனுக்கு மயக்கமோ, தலைவலியோ, வாந்தியோ, குழப்பமோ தோன்றின், அன்றைப் பயிற்சியை அக்கணமே முடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை. இதில் வீரம் பேசுதல் பேதைமை.

தொடுதலின் அளவை எல்லாப் பள்ளிகளும் ஒன்றாகக் கொள்ளவில்லை. ஓயாமா மசுதாத்சு நிறுவிய கியோகுஷின் வகையார் 1969-இல் தோக்கியோவில் நடத்திய திறந்த போட்டியில், உடலின்மேல் முழுவலியோடும் அடிக்க விதி இடம் தந்தது. முகத்திற் கையாற் குத்துதலை விலக்கியது. உலகக் கராத்தேக் கூட்டமைப்பின் விதியோ அடக்கத்தையே வேண்டுவது. 2021 ஆகஸ்டு 7-ஆம் நாள் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி நிகழ்ந்தது. சவூதி அரேபியாவின் தாரெக் ஹாமெதி 4–1 என முன்னணியில் இருந்தார். அந்நிலையில் அவர் உதைத்த உதை ஈரான் நாட்டுச் சஜ்ஜாத் கஞ்ஜ்சாதேயின் தலைப்பக்கத்தில் மிகுவலியோடு பட, கஞ்ஜ்சாதே வீழ்ந்து தூக்குப்படுக்கையிற் கொண்டுசெல்லப்பட்டார். நடுவர் ஹாமெதியைத் தகுதிநீக்கம் செய்தனர். பொற்பதக்கம் வீழ்ந்தவர்க்கே உரியதாயிற்று. உலகின் தலைசிறந்த வீரர்க்கும் அளவு என்பது எளிதிற் கைவருவதன்று என்பதனை அந்நிகழ்ச்சி காட்டும். எனினும் அதனைக் கண்டு தொடுதலையே விட்டொழித்தல் முறையன்று. தொட்டுத் தொட்டே அளவு அறியப்படும். தொடாதவனுக்கு அளவும் இல்லை, அடக்கமும் இல்லை.

ஆகலின் மாணவ நண்பர்களே, எதிர்நிற்பவன் பகைவன் அல்லன். தன் உடலையே நமக்குப் பாடநூலாகத் தந்து நிற்கும் நண்பன் அவன். அந்நூலைக் கிழித்தலும் தவறு. திறவாது மூடிவைத்தலும் தவறு. கண்திறந்து, மூச்சு விடுத்து, அடியளந்து சென்று அவன் ஆடையைத் தொடுவோமாக. தொடுதலாகிய ஊற்றை அறிந்தவனே, தீங்காகிய ஊற்றை விளைக்காது காக்க வல்லவன்.