கொடையும் நிபந்தனையும்: திறமூல மென்பொருள் உரிமங்களின் முரண்பாடு

முன்னுரை

பிறர் பயன்பெறுமாறு தம் பொருளை அறக்கொடையாக எழுதி வைப்போர், அது எவ்வாறு செலவிடப்பெற வேண்டும் என்பதையும் உடன் எழுதி வைத்தல் மரபு. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை பேணப்படல் வேண்டும் என்பது மார்க்க அறிஞர் துணிபு. ஓர் அறத்திற்கென விடப்பட்ட வருவாயை, மற்றொன்றும் நல்லறமே என்பதற்காக, அதற்கு எடுத்துச் செலவிடல் ஆகாது. கணினித் துறையிலும் இதனையொத்த சிக்கல் ஒன்று உண்டு. பொதுநலம் கருதி வழங்கப்பெற்ற திறமூல மென்பொருள்கள், உரிம முரண்பாட்டால் ஒன்றுசேர இயலாது போவதே அது. அதன் இயல்பினை ஈண்டு ஆராய்வோம்.

உரிமமும் பொருத்தமும்

மூல நிரலைக் கற்கவும் திருத்தவும் பகிரவும் இசைவு தரும் ஆவணமே திறமூல உரிமம். எம்.ஐ.டி. உரிமம் போன்றவை, பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருத்தலையே வேண்டுகின்றன. ரிச்சர்டு ஸ்டால்மன் இயற்றி 1989இல் வெளிவந்த ஜி.பி.எல். என்னும் பொது உரிமமோ, நம் இலக்கணத்தார் மொழியிற் கூறின், முதல்நூலின் உரிமத்திலேயே வழிநூலும் வெளிவருதல் வேண்டும் என்கிறது. புதிய கட்டுப்பாடு எதனையும் கூட்டலாகாது என்றும் விதிக்கிறது.

இரு நிரல்களை இணைக்குங்கால் இரண்டன் நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறுமாயின் அவை பொருத்தமுடையன. இப்பொருத்தம் ஒருவழிப்பட்டதாகவும் அமையும். எம்.ஐ.டி. நிரலை ஜி.பி.எல். நிரலினுள் சேர்க்கலாம், ஜி.பி.எல். நிரலை எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிடல் இயலாது.

பாதி தீர்ந்த முரண்

இணையத் தொடர்பினை மறையாக்கம் செய்து காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் பழைய உரிமம், விளம்பரங்களில் ஆக்கியோர்க்கு நன்றி குறிக்குமாறு பணித்தது. நன்றி பாராட்டல் நற்பண்பே, எனினும் ஜி.பி.எல். நோக்கில் அது கூடுதற் கட்டுப்பாடாயிற்று. ஆதலின் குனு திட்டத்தின் டபிள்யூகெட் போன்ற நிரல்களின் உரிமத்தில் தனி விலக்கு ஒன்றை எழுதிச் சேர்க்க நேர்ந்தது. உரிமத்தையே மாற்ற விழைந்த ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர், 2017இல் ஏறத்தாழ 400 பங்களிப்பாளரிடம் இசைவு வேண்டினர். 2021இல் வெளிவந்த 3.0 பதிப்பே அப்பாச்சி 2.0 உரிமத்தைப் பெற்றது. அவ்வுரிமமும், காப்புரிமை பற்றிய விதிகள் காரணமாக, 2007இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்போடு பொருந்துமேயன்றி 1991ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்போடு பொருந்தாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்து.

தீராத முரண்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையை 2005இல் சி.டி.டி.எல். உரிமத்தின்கீழ்த் திறந்து அளித்தது. லினக்ஸ் கருநிரலோ ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின்கீழ் உள்ளது. முன்னது தன் கோப்புகள் தன் உரிமத்திலேயே நிற்க வேண்டும் என்கிறது. பின்னது இணைந்த முழுமையும் தன் உரிமத்திற்கு உட்பட வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றல் அரிது. உபுண்டு 2016இல் இரண்டையும் சேர்த்து வழங்கியபோது, அது சட்டத்திற்கு உட்பட்டதே என்றது அதன் நிறுவனமான கனோனிக்கல். உரிம மீறல் என்றது மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பு அமைப்பு. லினக்ஸ் கருநிரலின் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடத்தலின், அதன் உரிமத்தை மாற்றுதலும் எளிதன்று.

முடிவுரை

இம்முரண்களில் கொடுத்தவர் எவரும் கொடுக்க மறுத்தவர் அல்லர். கொடுத்த முறைகளே மாறுபட்டன. ஆயினும் இழப்பு பயன்கொள்வோர்க்கே. எனவே நிரல் இயற்றப் புகும் மாணவர், தாமாகப் புது உரிமம் புனையாது பலரும் அறிந்த ஒன்றைத் தேர்தல் நலம். ஜி.பி.எல். உரிமத்தைக் கொள்வோர் ‘அல்லது பின்வரும் பதிப்பு’ என்னும் தொடரைச் சேர்ப்பின், பிற்காலப் பொருத்தத்திற்கு வழி திறந்திருக்கும். பலர் கைபட்ட பின் உரிமத்தைத் திருத்த நானூறு பேரைத் தேடிச் செல்ல நேரிடும். முதல் நாளில் திருத்த ஒருவர் போதும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.