நாவின்றி எழும் மொழி

மொழி நாவினால் மட்டும் நிகழ்வதன்று. உள்ளத்துணர்வு மெய்யில் புலப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்னும் தனி இயலாக வகுத்தார்.

பெருமூளை வாதம், ஆட்டிசம் முதலியவற்றால் பேச்சு வாராத குழந்தைகளுக்கு, படத்தைத் தொட்டால் குரலெழுப்பும் செயலிகள் இன்று துணைபுரிகின்றன. சென்னையில் வித்யாசாகர் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ‘ஆவாஸ்’ 2010இல் தனிக்கருவியாகவும், பின்னர் 2012இல் ஐபேட் செயலியாகவும் வந்தது. உருதுவில் ‘குரல்’ எனப் பொருள்படும் சொல்லே அதன் பெயர். அது தமிழிலும் பேசும்.

கருவி கைக்கு வந்ததும் மொழி வந்துவிடுமா? வாராது. பிறர் பேசக் கேட்டே குழந்தை பேசக் கற்கிறது. அவ்வாறே பிறர் படந்தொட்டுப் பேசக் கண்டே இம்மொழியையும் கற்கும். ஆதலின் முதல் மாணாக்கர் வீட்டாரே என்பதை நாம் உணர்தல் வேண்டும். உணவு வேளையில் ‘இன்னும்’, ‘போதும்’ என வாயால் சொல்லும்போதே அன்னை அப்படங்களையும் தொடுதல் வேண்டும். ‘சொல், சொல்’ எனத் தேர்வு நடத்தலாகாது. விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். ‘வேண்டாம்’ என்னும் சொல்லை ஒளித்தலும் தகாது. மறுக்கும் உரிமையும் மொழியே.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில், பெற்றோர் பருத்தி, மக்காச்சோள வயல்களுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் சென்றபின் குழந்தையைக் காப்பவர் பல இல்லங்களில் பாட்டியே. எழுத்தறியாவிடினும் அவர் படமறிவார். பயிற்சி அவர்க்கும் உரியது. ‘அத்தா’ என்றழைக்கும் இல்லத்தில் செயலி ‘அப்பா’ என்றால், அது அக்குழந்தையின் குரலாகாது. வீட்டுச் சொற்களைச் செயலியில் சேர்க்க இயலும். அச்சொற்களைத் திரட்டித் தருதல் தமிழ் பயிலும் நம் மாணவர்க்குரிய பணி. நாம் கற்ற தமிழ் ஒரு குழந்தையின் குரலாகுமேல், அதனினும் பெரும்பயன் யாது?