டேக் எண்ணைச் சொல்லவில்லை, பணம் எப்படிப் போனது?

தீபாவளிக்கு முன் ஈப்போவில் என் நான்காம் படிவ மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. அவன் தந்தை சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது லாரி ஓட்டுகிறார். வீட்டைச் சுத்தம் செய்ய மலிவாக ஆள் கிடைக்கும் என்ற பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த செயலியைக் கைப்பேசியில் பதிவிறக்கி, முன்பணமாக 10 ரிங்கிட் கட்ட முயன்றிருக்கிறார். "டேக் எண்ண அப்பா யாருகிட்டயும் சொல்லல சார்!" என்றான்.

உண்மைதான். சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மாணவர்களே, இணைய வங்கியில் சோதனை இரண்டு. கடவுச்சொல் நமக்குத் தெரிந்த ஒன்று. கைப்பேசி நம் கையில் இருக்கும் ஒன்று. டேக் எண் குறுஞ்செய்தியாக வருவதால், அதைத் தட்டுபவர் கைப்பேசிக்குச் சொந்தக்காரர்தான் என்று வங்கி நம்புகிறது.

அந்தச் செயலி கூகல் பிளே ஸ்டோரிலிருந்து வந்ததல்ல, '.ஏபிகே' என்று முடியும் கோப்பு. பதிவிறக்கும்போது ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். பிறகு, "குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா?" என்று செயலி அனுமதி கேட்கும். அவசரத்தில் நாம் 'சரி' என்று அழுத்திவிடுகிறோம். முன்பணம் கட்ட விரியும் வங்கிப் பக்கம் போலி; கடவுச்சொல் அங்கே போய்விடுகிறது. டேக் எண் வந்ததும் செயலி அதைப் படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடுகிறது. முன்பு தோட்டத்துக் கடிதங்கள் கிராணியின் மேசைக்கு வந்துதானே லயத்துக்குப் போகும்? அந்த மேசையில் திருடனை உட்கார வைத்தது போலத்தான் இது.

அதனால்தான் 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தி டேக் முறையிலிருந்து விலகும்படி பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. இப்போது வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தருகிறோம். அதற்கான ரகசியச் சாவி நம் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது; வழியில் பறிக்க எண் எதுவும் பயணம் செய்வதில்லை. ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசி. புதிய கைப்பேசியை இணைத்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பலர் எரிச்சலடைவது இந்தக் காத்திருப்பில்தான். எனக்கோ, முழு ஏற்பாட்டிலும் கெட்டிக்காரத்தனமான பகுதி அதுதான்: திருடனுக்கு வேண்டியது வேகம்.

ஆனால் பயந்துபோன மனிதர் தானே ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் எந்தச் சாவியும் உதவாது. "உங்கள் பெயரில் வழக்கு" என்று போலீஸ்போல் பேசும் மக்காவ் மோசடி அந்தப் பயத்தை வைத்தே பிழைக்கிறது. திரையில் போலீஸ் நிலைய எண் தெரிந்தாலும் நம்பக்கூடாது; இணையவழி அழைப்பில் அந்த எண்ணை அழைப்பவரே மாற்றி அமைக்க முடியும்.

போன பணம் ஒரே கணக்கில் தங்காது. சில நூறு ரிங்கிட்டுக்கு மற்றவர்கள் வாடகைக்குக் கொடுத்த கணக்குகள் வழியே கிளை பிரிந்து ஓடும். (ஏடிஎம் கார்டை அப்படிக் கொடுப்பவர்களில் இளைஞர்களும் உண்டு, குற்றவியல் சட்டத்தின் 424ஏ முதலான பிரிவுகள் அவர்களுக்காகவே வந்தவை.) அந்த ஓட்டத்தை வழியிலேயே மறிக்கத்தான் 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் தொடங்கப்பட்டது. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை அதில் சேர்ந்து இயங்குகின்றன. எண் 997.

என் மாணவனின் தந்தை அந்த எண்ணை அழைத்தது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாள், மனைவியிடம் சொல்லவே அவருக்கு வெட்கமாக இருந்ததாம்.